பத்து லட்சம் பவுண்டு தோல்!

மொத்தம் 15 தோல் துண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை அங்குலத்துக்கு ஏழு அங்குலம். தாரில் முக்கி எடுத்தாற்போலக் கன்னங்கரேல் என்று இருக்கும். கடைத்தெருவில் கிடந்தால் செருப்புக்கு அடித்தோலாகக்கூட எவரும் எடுக்க மாட்டார்கள். இதற்கு ஒரு மனிதர் சொன்ன விலை... பத்து லட்சம் பவுண்டு!

அதுவும் இன்றைய பவுண்டு இல்லை. 1883-ம் வருஷத்து பவுண்டு.

விலை சொன்னவர் ஜெருசலேமில் கடை வைத்திருந்த மோசஸ் வில்ஹெல்ம் ஷாபிரா. சொன்னது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திடம். மியூசியக்காரர்கள் சிரித்துவிட்டு அனுப்பிவிடவில்லை. உட்கார்ந்து பரிசோதித்தார்கள். இரண்டு துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார்கள். ஆகஸ்ட் மாசம் பூராவும் லண்டனில் இதே பேச்சு. பெட்டியைச் சுற்றி எப்போதும் கூட்டம். பிரதமர் கிளாட்ஸ்டோனே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்த வருஷம் மார்ச் மாசம், ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் ஒரு ஓட்டல் அறையில், அதே ஷாபிரா துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு செத்துக் கிடந்தார்.

நடுவில் என்ன நடந்தது? அந்தத் தோலில் அப்படி என்னதான் எழுதியிருந்தது? அது நிஜமா, டுபாக்கூரா? கேஸ் அன்றைக்கே முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை.

* * *

ஷாபிரா பிறந்தது 1830-ல், காமெனெட்ஸ் பொடோல்ஸ்க் என்ற ஊரில். அப்போது ரஷ்ய சாம்ராஜ்யம், இப்போது உக்ரைன். யூதக் குடும்பம். இருபத்தைந்து, இருபத்தாறு வயசில் ஜெருசலேமுக்கு மூட்டை கட்டியவர், போகிற வழியில் புகாரெஸ்ட்டில் கிறிஸ்துவராக மாறினார். ஜெருசலேமில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய வந்திருந்த ரோஸெட் என்ற ஜெர்மன் பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். கிறிஸ்துவர் தெருவில் ஒரு கடை போட்டார்.

கடையில் யாத்ரீகர்கள் வாங்கிப் போகிற புண்ணிய பூமி ஞாபகார்த்தப் பொருட்கள் எல்லாம் உண்டு. ஆனால் மனிதருக்கு உயிர், பழைய எபிரேயச் சுவடிகள்தான். ஏமனுக்குப் போய், அங்கிருந்த யூதர்களிடமிருந்து கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்தார். அவையெல்லாம் சுத்தமான அசல். பிரிட்டிஷ் மியூசியமும் பெர்லின் நூலகமும் வாங்கிக் கொண்டன. இன்றைக்கும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. தான் பிரிட்டிஷ் மியூசியத்தின் தொடர்பாளர் என்று போட்டுக்கொள்வதில் ஷாபிராவுக்கு ஏகப் பெருமை. குதிரை வாங்கினார். பெரிய வீட்டுக்குக் குடிபோனார். (டிக்கோ ஹவுஸ் என்ற பெயரில் அந்த வீடு ஜெருசலேமில் பிற்காலத்தில் ஒரு மியூசியமே ஆகிவிட்டது.)

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த மனிதரின் ஜாதகத்தில் ஒரு கறுப்புக் கல் குறுக்கே வந்தது. நிஜமாகவே கறுப்புக் கல்!

* * *

1868-ல், சாக்கடலுக்குக் கிழக்கே திபான் என்ற இடத்தில், க்ளைன் என்ற பாதிரியார் ஒரு கறுப்புக் கல்வெட்டைப் பார்த்தார். மூன்றடிக்கு மேல் உயரம். 34 வரி. பைபிளில் வருகிற மோவாப் தேசத்து ராஜா மேசா, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் தன் வெற்றிகளைப் பற்றித் தானே செதுக்கி வைத்த தம்பட்டம். இஸ்ரவேல் ராஜா ஒம்ரியின் பெயர்கூட அதில் இருக்கிறது. பைபிளில் உள்ள ஒரு சண்டையை எதிராளியின் வாயாலேயே கேட்பதென்றால் சும்மாவா! ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்றுக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

வெள்ளைக்காரர்கள் இப்படிப் போட்டி போடுவதைப் பார்த்த பெடூயின் மக்களுக்குச் சந்தேகம். துருக்கி கவர்னர் வேறு மிரட்டினார். 'எங்களுக்கு இல்லாத கல் உங்களுக்கும் வேண்டாம்' என்று கல்லின் கீழே நெருப்பை மூட்டிக் காய்ச்சி, மேலே பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். படார்! சில்லு சில்லாகப் போயிற்று. துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நல்லகாலமாக, உடைவதற்கு முன்பே ஈரக் காகிதத்தை ஒற்றி ஒரு அச்சு எடுக்க ஆள் அனுப்பியிருந்தார் ஒரு பிரெஞ்சு இளைஞர். காகிதம் காய்வதற்குள் அங்கே அடிதடி மூண்டு, ஒருவருக்கு ஈட்டிக் குத்து. இன்னொருவர் ஈரக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு குதிரையில் பறந்தார். அந்தக் கிழிந்த காகிதத்தையும், அப்புறம் விலை கொடுத்து வாங்கிய சில்லுகளையும் வைத்துத்தான் பாரிஸ் லூவர் மியூசியத்தில் மேசாவை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இளைஞரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஷார்ல் கிளெர்மான்-கன்னோ. ஜெருசலேம் பிரெஞ்சு தூதரகத்தில் வேலை. வயசு 23. கதையில் மறுபடி வருவார்.

கல்லைக் கோட்டைவிட்ட ஜெர்மனிக்கு வயிற்றெரிச்சல். 'மோவாப் சரக்கு இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். கேட்டால் கிடைக்காமலா இருக்கும்? ஷாபிராவின் கடைக்கு மண் பொம்மைகளும் ஜாடிகளும் வந்து குவிந்தன. பேய் முழி முழிக்கிற சாமிகள். சிலவற்றைக் குழந்தைகள் எதிரே வைக்க முடியாது. எல்லாவற்றிலும் மேசா கல்வெட்டில் இருந்த அதே எழுத்து. எழுத்தைக் கூட்டிப் படித்தால் மட்டும் ஒரு அர்த்தமும் வராது. ஹாலே நகரத்து ஷ்லாட்மன் என்ற புரொபசர் அதற்கும் முக்கி முனகி அர்த்தம் கண்டுபிடித்தார்! சந்தேகப்பட்ட ஜெர்மன்காரர்களை மோவாபுக்கே கூட்டிக்கொண்டு போய்த் தோண்டிக் காட்டினார்கள். கிடைத்தது. முன்கூட்டியே புதைத்து வைத்தால் ஏன் கிடைக்காது?

1873-ல் 1,700 உருப்படிகளை 22,000 தாலர் கொடுத்து பெர்லின் வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான், வந்தாரய்யா கிளெர்மான்-கன்னோ! ஜெருசலேமின் குயவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கி, இந்த 'மூவாயிரம் வருஷத்து' பொம்மைகள் எந்தச் சூளையில் வெந்தவை என்று கண்டுபிடித்துவிட்டார். செய்தவர் சலீம் என்ற உள்ளூர் ஓவியர். ஷாபிராவுக்கு ஆள் கூட்டிவந்த, சரக்குக் கொண்டுவந்த அதே சலீம்.

ஷாபிரா கூட்டாளியா, ஏமாளியா? 'என்னையும்தான் ஏமாற்றிவிட்டான்' என்றார் அவர். பலர் நம்பினார்கள். அப்புறமும் மியூசியங்கள் அவரிடம் சுவடி வாங்கின. ஆனால் பெயரில் ஒரு கரி ஒட்டிக்கொண்டது.

* * *

1878. ஜெருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு ஷேக் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஷாபிராவின் காதில் ஒரு கதை விழுந்ததாம். இனி வருவது அவர் சொன்னது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், டமாஸ்கஸ் கவர்னரின் படைக்குப் பயந்து சில பெடூயின்கள் மோவாபில் அர்னோன் பள்ளத்தாக்கின் செங்குத்தான குகைகளில் ஒளிந்திருந்தார்கள். அங்கே துணி சுற்றிய மூட்டை ஒன்று கிடந்தது. தங்கமோ என்று ஆசையாகப் பிரித்தால் கறுப்புத் தோல். சீ என்று எறிந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஏதோ மந்திரத் தகடு என்று எடுத்து வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் ஆடுகள் பெருகின...

ஒரு ஆள் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தோல் துண்டுகளை வாங்கினார் ஷாபிரா. எழுத்து, மேசா கல்லில் இருந்த அதே பழைய எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க மனிதருக்கு வியர்த்துவிட்டது. மோசேயின் கடைசிப் பேச்சு!

பைபிள் பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே ஒரு பத்தி. எகிப்திலிருந்து யூத ஜனங்களை மீட்டு வந்த மோசே, வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குள் நுழையாமல் மோவாபிலேயே காலமாகிறார். அதற்கு முன் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசுகிற நீண்ட பேச்சுதான் பழைய ஏற்பாட்டின் ஐந்தாவது புத்தகம், உபாகமம். கத்தோலிக்கர்கள் இணைச்சட்டம் என்பார்கள். பத்துக் கட்டளைகள் அதிலும் வரும். அப்புறம் அத்தியாயம் அத்தியாயமாகச் சட்டதிட்டங்கள். இந்தப் புத்தகம் எப்போது, யாரால் எழுதப்பட்டது என்று 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. மோசே காலத்துக்குப் பல நூறு வருஷம் கழித்து எழுதிச் சேர்த்தது என்று ஒரு கோஷ்டி அடித்துச் சொன்னது.

ஷாபிராவின் தோலிலோ அந்தச் சட்டதிட்டங்களே இல்லை. பேச்சு சுருக்கமாக இருந்தது. கட்டளைகளிலும் வித்தியாசம். ஒவ்வொரு கட்டளைக்கும் முத்தாய்ப்பாகக் கடவுள் தானே கடவுள் என்று சொல்கிறார். சகோதரனை மனசுக்குள் பகைக்கக் கூடாது என்று வழக்கமான பத்தில் இல்லாத ஒரு கட்டளை வேறு! இது நிஜமென்றால், உபாகமம் என்ற புத்தகம் வளர்வதற்கு முந்தைய விதையே கையில் கிடைத்த மாதிரி. அப்போது கையிலிருந்த எந்த எபிரேயச் சுவடியும் இதன் வயசில் பாதியைத் தொடாது. பத்து லட்சம் பவுண்டு அதிகமா, குறைவா என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் ஆள் முதலில் பிரதி எடுத்து அனுப்பியது யாருக்குத் தெரியுமா? பொம்மைக்கு அர்த்தம் சொன்ன அதே ஷ்லாட்மன் புரொபசருக்கு! சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் வருமா? 'போலி, போலி, ஊரில் சொல்லாதே' என்று பதில் வந்தது. ஷாபிரா தோலைக் கொண்டுபோய் பாங்கியில் பூட்டிவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து மனசு கேட்கவில்லை. மறுபடி வெளியே எடுத்தார். 1883 ஜூலையில் லைப்சிக் நகரில் ஹெர்மன் கூத்தே என்ற அறிஞர் பொறுமையாக உட்கார்ந்து வரி வரியாகப் பிரதி செய்தார். ஜூலை 10-ம் தேதி பெர்லினில் லெப்ஸியஸ் என்ற பெரியவர் தலைமையில் ஜாம்பவான்கள் கூடினார்கள். ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். போலி என்று தீர்ப்பு. கூத்தேயும் கடைசியில் போலி என்றே எழுதினார். ஆனால் அதைச் சொல்வதற்கு அவர் ஒரு புத்தகமே போட வேண்டியிருந்தது.

ஷாபிரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்.

* * *

லண்டனில் மியூசியத்தின் சார்பாகப் பரிசோதிக்க உட்கார்ந்தவர் கிறிஸ்டியன் டேவிட் கின்ஸ்பர்க். வார்சாவில் யூதராகப் பிறந்து கிறிஸ்துவரானவர். எபிரேய பைபிளில் கரை கண்டவர். மங்கிய எழுத்தின் மேல் ஸ்பிரிட்டைத் தடவித் தடவிப் படித்தார். படித்ததை 'அதீனியம்' பத்திரிகையில் வாராவாரம் வெளியிட்டார். வாராவாரம் வந்தால் என்ன ஆகும்? தொடர்கதை மாதிரி ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள். பரபரப்பு ஏறிக்கொண்டே போனது.

ஆகஸ்ட் நடுவில் பாரிஸிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். கிளெர்மான்-கன்னோ! பார்ப்பதற்கு முன்பே தனக்குப் பலமான சந்தேகம் இருந்ததை அவரே மறைக்கவில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு துண்டுகளைச் சில நிமிஷம் காட்டினார்கள். அதற்குமேல் கிடையாது, சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை என்று மியூசியம் கைவிரித்தது. பொம்மை விவகாரத்தில் மானத்தை வாங்கியவரைக் கிட்டே விட ஷாபிராவுக்குப் பைத்தியமா?

கிளெர்மான்-கன்னோ அசரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, முண்டியடித்து, கண்ணாடிக்கு வெளியே இருந்தே பார்த்தார். பார்த்துவிட்டு 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு சமையல் குறிப்பே இருந்தது! யூதர்களின் ஜெபாலயத்தில் உபயோகித்த பழைய தோல் சுருள் ஒன்றை எடு; கீழே எழுதாமல் விட்டிருக்கிற ஓரத்தை நீளமாக வெட்டு; அதில் மேசா எழுத்தில் எழுது; ரசாயனத்தில் போட்டுக் கறுக்க வை. தீர்ந்தது! ஒரு பக்க ஓரம் மட்டும் புதிதாக வெட்டினாற்போல நேராக இருக்கிறது; சுருளில் பத்தி பிரிக்கப் போட்ட பழைய செங்குத்துக் கோடு தெரிகிறது; ஆனால் எழுத்து அந்தக் கோட்டை மதிக்காமல் ஓடுகிறது. இதுதான் அவருடைய துப்பு.

சில நாளில் கின்ஸ்பர்க்கும் அறிக்கை கொடுத்துவிட்டார்: போலி. உள்ளே இருக்கிற எழுத்துப் பிழைகள் கிழக்கு ஐரோப்பிய யூதர் ஒருவரின் உச்சரிப்பைக் காட்டுகின்றன என்றும் சேர்த்துக்கொண்டார். பெயர் மட்டும்தான் சொல்லவில்லை.

ஈரமான மோவாப் பக்கத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் தோல் மக்காமல் இருக்குமா என்று கேட்டும் சிலர் சிரித்தார்கள். இந்தக் கேள்வியைச் சற்று ஓரமாக வையுங்கள்.

செப்டம்பர் 8-ம் தேதி 'பன்ச்' நகைச்சுவைப் பத்திரிகையில் கார்ட்டூன். மிஸ்டர் ஷார்ப்-ஐ-ரா என்று பெயரைத் திரித்து, யூத மூக்கை நீளமாக இழுத்து, விரலில் மை சொட்டச் சொட்ட, கின்ஸ்பர்க் கையும் களவுமாகப் பிடிப்பதுபோலப் போட்டிருந்தார்கள். ஊரே சிரித்தது. இந்த மாதிரிச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதற்கு முன்பே, ஆகஸ்ட் 23-ம் தேதி, கின்ஸ்பர்க்குக்கு ஷாபிரா ஒரு கடிதம் எழுதியிருந்தார். நீங்களே பொய் என்று நினைக்கிற ஒன்றை அச்சடித்து, காட்சிக்கும் வைத்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்களே என்று அழாத குறை. இந்த அவமானத்துக்கு அப்புறம் பிழைத்திருப்பேன் என்று தோன்றவில்லை என்றும் எழுதினார். அந்த நிலைமையிலும் ஒரு குத்தல்: இது போலி என்று நான் இன்னும் நம்பவில்லை, கன்னோவே உட்கார்ந்து செய்திருந்தால் தவிர!

தோலை மியூசியத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஹாலந்தில் ஓட்டல் ஓட்டலாக ஆறு மாசம் சுற்றினார். கடைசி ஓட்டலின் பெயர் ப்ளூமன்டால்.

ஜெருசலேமில் பெண்டாட்டியும் பெண்களும் கடனில் மூழ்கினார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. சின்னப் பெண் மரியாவுக்கு அப்போது சுமார் பதினைந்து வயசுதான். அவள் பின்னாளில் பாரிஸ் போய், மிரியாம் ஆரி என்ற பெயரில் எழுத்தாளரானாள். இன்றைக்கு ஃபெமினா என்று புகழ்பெற்றிருக்கிற பிரெஞ்சு இலக்கியப் பரிசை 1904-ல் முதன்முதலாக வாங்கியது அவள்தான். பத்து வருஷம் கழித்து, ஜெருசலேமில் வளர்ந்த ஒரு சிறுமியின் கதையை நாவலாக எழுதினாள். அதில் ஒரு சுவடி வியாபாரி அப்பா வருகிறார். அவர் மோசடிக்காரர் இல்லை.

தோல்? 1885-ல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் போட்டார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு விலை பேசிய சரக்கு 10 பவுண்டு 5 ஷில்லிங்குக்குப் போயிற்று. வாங்கியவர் க்வாரிட்ச் என்ற புத்தக வியாபாரி. அவர் தன் விலைப்பட்டியலில் 25 பவுண்டு என்று போட்டு வைத்தார்.

* * *

இப்போது ஓரமாக வைத்த கேள்விக்கு வருவோம்.

1947. சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான். அங்கே குகையில் பெடூயின் இடையர்கள் ஜாடி ஜாடியாகத் தோல் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். துணி சுற்றிய சுருள்கள்! பெத்லகேமில் காண்டோ என்ற செருப்புக் கடைக்காரர் கைக்கு அவை வந்தன. செருப்பு வாராக அறுபடாமல் தப்பியது பூர்வ புண்ணியம். அந்த வருஷக் கடைசியில் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சுகேனிக் மூன்று சுருள்களை வாங்கினார். இன்னும் நான்கு சுருள்கள் அமெரிக்கா போய், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் வரிவிளம்பரமாக வந்து, 1954-ல் 2,50,000 டாலருக்கு விலைபோயின. வாங்கியவர் சுகேனிக்கின் மகன் யாதின்.

அப்போதும் 'இதுவும் பித்தலாட்டம்' என்று மல்லுக்கு நின்ற அறிஞர் உண்டு. ஆனால் காலம் மாறியிருந்தது. சுருள் சுற்றியிருந்த துணியை 1950-ல் கார்பன் சோதனை செய்தார்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷப் பழசு என்று வந்தது. ஆராய்ச்சியாளர்களே குகைக்குப் போய்த் தோண்டி இன்னும் துண்டுகள் எடுத்தார்கள். சில துண்டுகளில் அந்தப் பழைய எபிரேய எழுத்தே இருந்தது.

ஆக, சாக்கடல் பக்கத்தில் தோல் மக்காது! பெடூயின், குகை, துணி சுற்றல், வியாபாரி, கோடு போட்ட தோல்... ஷாபிரா சொன்னபோது கப்சா என்று சிரித்த ஒவ்வொன்றும் அச்சாக அப்படியே மறுபடி நடந்திருக்கிறதே!

1956-ல் அமெரிக்காவில் மெனகெம் மன்சூர் என்ற புரொபசர், ஷாபிரா கேஸை மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார். உடனே நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். 1965-ல் ஜான் அலெக்ரோ ஷாபிரா பக்கம் நின்று ஒரு புத்தகமே எழுதினார். அப்புறம் 2021-ல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் பல்கலைக்கழகத்து இடான் டெர்ஷோவிட்ஸ் போட்டதுதான் பெரிய வெடி. இந்தத் தோல் நிஜம், உபாகமத்துக்கு மூத்தது என்கிறார் அவர். பெர்லின் நூலகத்தில் ஷாபிராவின் சொந்தக் கையெழுத்தில் சில தாள்கள் கிடைத்தன. தோலில் உள்ளதைப் படிக்க முடியாமல் முழித்து, கேள்விக்குறி போட்டு, தப்பாகப் படித்து, அடித்துத் திருத்தியிருக்கிறார். தானே எழுதியதைத் தானே படிக்கத் தெரியாமல் எவனாவது திண்டாடுவானா?

நல்ல கேள்விதான். ஆனால் ஷாபிராவுக்கும் தெரியாமல் இன்னொரு சலீம் எழுதியிருக்கலாமே என்று எதிர்க்கேள்வி கேட்கலாம். பழைய எழுத்தில் தேர்ந்தவர்கள் பலர் இன்றைக்கும் போலி என்றே சொல்கிறார்கள். கூத்தேயும் மற்றவர்களும் வரைந்து வைத்த எழுத்துகளின் வடிவம் சரியில்லை என்பது அவர்கள் கட்சி. 2016-ல் கனான் டிகே என்ற எழுத்தாளரும் கிளெர்மான்-கன்னோ பக்கம் சாய்ந்தார். ஷாபிரா இறந்தபின் மிச்சமிருந்த சுவடிகளை அமெரிக்காவின் அடால்ஃப் சூட்ரோ என்ற பணக்காரர் வாங்கியிருந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் அந்தச் சுவடிகளை டிகே போய்ப் பார்த்தால், ஒரு ஏமன் சுருளில் அடி ஓரம் வெட்டப்பட்டிருந்தது!

சும்மா நம்பிவிடுவதும் ஆபத்து என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வாஷிங்டனில் பைபிள் மியூசியம் என்று பிரமாதமாகக் கட்டி, சாக்கடல் சுருள் என்று 16 துண்டுகளை வாங்கி வைத்தார்கள். 2020 மார்ச்சில் சோதனை அறிக்கை வந்தது. பதினாறும் போலி! பழைய தோலில் புது மை. அந்தத் தோலும் ஒரு காலத்தில் செருப்பாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

என்னைக் கேட்டால், தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். விசாரணை சரியில்லை. பெர்லினில் ஒன்றரை மணி நேரம், லண்டனில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஒரு பார்வை, பழைய பொம்மை விவகாரத்தின் நாற்றம். இவை மூன்றும் சேர்ந்துதான் பாதித் தீர்ப்பை எழுதின. 16 போலிகளைப் பிடித்தது சந்தேகம் இல்லை. சோதனைச் சாலை. அதற்குத் தோல் கையில் இருக்க வேண்டும். ஷாபிராவைச் சந்தேகப்பட்டதைவிடப் பெரிய தப்பு, சாட்சிப் பொருளை 10 பவுண்டு 5 ஷில்லிங்குக்கு ஏலம் விட்டதுதான். அது மியூசியத்தின் ஏதாவது ஒரு அலமாரியில் கிடந்திருந்தால், நகக்கண் அளவு வெட்டி எடுத்துக் கார்பன் சோதனையில் வயசைப் பார்த்து, ஒரு மாசத்தில் சண்டையை முடித்திருக்கலாம்.

சரி, தோல் எங்கேதான் போயிற்று? ரொம்ப நாளாக ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சர் சார்ல்ஸ் நிகல்சன் என்பவர் வாங்கினார், 1899-ல் அவர் வீடு தீப்பிடித்தபோது அதுவும் சாம்பலாயிற்று என்றார்கள். அப்புறம் பழைய பத்திரிகைகளைக் குடைந்தவர்களுக்கு வேறு துப்பு கிடைத்தது. இங்கிலாந்தில் பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் என்று ஒரு ஊர். பீருக்குப் பேர்போனது. அங்கே ஃபிலிப் ப்ரூக்ஸ் மேசன் என்று ஒரு டாக்டர். வண்டு, பட்டாம்பூச்சி, பறவை முட்டை என்று எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பவர். 1889 மார்ச் 8-ம் தேதி அந்த ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஷாபிராவின் தோல் துண்டுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவை டாக்டர் மேசனுடையவை.

மேசன் 1903-ல் காலமானார். அவர் சேகரித்ததெல்லாம் நாலா பக்கமும் சிதறிவிட்டது. தோலைப் பற்றி அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பர்ட்டன் பக்கம் வீடு வாங்கியிருந்தால், பரணில் கறுப்பாக ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்புத் தோல் என்று தூக்கிப் போட்டுவிடப் போகிறார்கள்.